உழவர் சந்தையில் வாங்கி உடனே சமைத்த காலைச் சாப்பாடு: சேலத்தில் நடக்குமா?

கேள்வி இது. கேட்டவரின் தங்கை மகன் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறான். அங்கே ஃபெர்ரி பில்டிங் வாசலில் சனிக்கிழமை காலை விவசாயிகள் சந்தை கூடும். ஒரு செஃப் அக்கம்பக்கத்துக் கடைகளில் காயும் முட்டையும் வாங்கி அங்கேயே சமைத்துக் கொடுக்க, இவன் சாப்பிட்டுவிட்டுப் படம் அனுப்பியிருக்கிறான். சேலம் உழவர் சந்தையில் இப்படி ஒன்று செய்ய முடியுமா, தட்டில் என்ன வைப்பது, எல்லாமே உள்ளூர்ப் பொருளாக இருக்குமா என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் இட்லி, பொங்கல், வடை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு பையைத் தூக்கினால் முடியாது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கல்யாண மண்டபங்களில் பந்திக்குச் சமைத்தவன். எங்கள் தொழிலில் முதலில் ஐட்டம் பேசுவோம், அப்புறம் மளிகை லிஸ்ட் எழுதுவோம், அப்புறம் செவ்வாய்ப்பேட்டைக்கோ லீ பஜாருக்கோ ஆள் அனுப்புவோம். அந்த செஃப் செய்தது இதைத் தலைகீழாக்கியதுதான். முதலில் சந்தை, அதற்குப் பிறகு லிஸ்ட். அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் 1971-ல் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற அம்மா ‘ஷே பனீஸ்’ என்று ஓர் உணவகம் ஆரம்பித்தார். அன்றைக்கு நல்ல காய் எது வந்ததோ அதை வைத்து அன்றைய ஒரே சாப்பாட்டை முடிவு செய்வார்கள். அது பிரபலமான பிறகு அந்தப் பக்கத்து செஃப்களுக்குச் சந்தைக்குப் போவதே பெருமையாகிவிட்டது. நம் ஊரில் பாட்டிகள் செய்ததுதான். வாசலில் கீரைக்காரம்மா என்ன கொண்டுவந்தாரோ அதுதான் அன்றைக்குச் சமையல். பாட்டிகளை யாரும் பேட்டி எடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. சேலம் மாநகரில் சூரமங்கலம், அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி என்று இருக்கின்றன. விளைவித்தவரே விற்க வேண்டும். அதற்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை உண்டு. கடைக்கு வாடகை கிடையாது, தராசு அங்கேயே கொடுப்பார்கள். தினமும் அதிகாரிகள் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். மொத்த விலையைவிட விவசாயிக்குச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச்சந்தை சில்லறை விலையைவிட நமக்குச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

நீங்கள் பார்த்த படத்தில் இருப்பதுபோல் உள்ளேயே அடுப்பு வைத்துச் சமைக்கிற ஏற்பாடு இதில் கிடையாது. சந்தையின் நோக்கம் காய் விற்பது. அதனால் நாங்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்து, சூரமங்கலத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டுகிறோம். சந்தையிலிருந்து பத்து நிமிஷ நடை. கீரை வாடுவதற்குள் சட்டிக்குப் போய்விடும்.

போகிற நேரம் முக்கியம். விடிவதற்கு முன்பே போய்விடுங்கள். ஏழரை மணிக்கு மேல் போனால் காய் கிடைக்கும், கீரை கிடைக்காது. கிடைத்தாலும் தண்ணீர் தெளித்துத் தெளித்து அடித்தண்டு கறுத்திருக்கும். முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். சும்மா நடந்து, எது குவிந்து கிடக்கிறது, எது ஒரே ஒரு ஆளிடம் கொஞ்சமாக இருக்கிறது என்று பாருங்கள். “எந்த ஊருங்க அக்கா? எப்ப பறிச்சது?” என்று கேட்டால் சொந்தமாக விளைவித்தவர் நிறுத்தாமல் பேசுவார். மழை வந்தது, பூச்சி விழுந்தது, பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை வெட்டியது வரைக்கும் வரும். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்கலாம், ஆனால் உள்ளூர் என்று நினைத்து வாங்க வேண்டாம். உருளைக்கிழங்கு எங்கே இருந்தாலும் அது மலை ஏறிப் பிறந்தது. சேலத்து வெயிலில் யாரும் அதைப் போடுவதில்லை.

இப்போது தட்டுக்கு வருவோம். சேலத்தில் எந்த ஓட்டலிலும் கிடைக்கிற காலை டிபனை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லிக்கான உளுந்து நம் மாவட்டத்திலும் விளைகிறது, ஆனால் கடையில் பளபளவென்று இருக்கும் வெள்ளை உளுந்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததும் கலந்திருக்கும். உப்புமா ரவை வடநாட்டுக் கோதுமை. சாம்பார்ப் பெருங்காயத்துக்கான செடிப் பிசின் ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வருகிறது. இமாச்சலத்தில் 2020-ல்தான் அந்தச் செடியை நட்டே பார்க்க ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நானும் அள்ளி அள்ளிப் போட்டவன்தான். ஆனால் ‘உள்ளூர்க் காலை உணவு’ என்று பலகை எழுதிக்கொண்டு இட்லி சாம்பார் வைத்தால், தட்டில் உள்ளூர் என்று சொல்லக்கூடியது தேங்காயும் கருவேப்பிலையும்தான்.

இங்கே உண்மையில் விளைவது எது? குச்சிக்கிழங்கு. மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், சேலத்தில் குச்சிக்கிழங்கு என்றால்தான் கிழங்கு வாயில் கரையும். ஆத்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் கண்ணுக்கு எட்டியவரை அந்த ஐந்து விரல் இலைதான். ஆனால் அது சமையலறைக்கு வருவதைவிட மில்லுக்குத்தான் அதிகம் போகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மலேயாப் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலெடுத்து, மாவைப் படியவிட்டு, ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கி முத்தாக்கி, வறுத்து, களத்தில் காயப்போடுவார்கள். 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதை மூட்டை மூட்டையாக வாங்கி விரதத்துக்குக் கிச்சடியும் வடையும் செய்து சாப்பிடுகிறவர்கள் மகாராஷ்டிராக்காரர்கள். நாம் பாயசத்தில் ஒரு கைப்பிடி போட்டதோடு சரி. ஊரே செய்கிற பொருள், ஊர்த் தட்டில் இல்லை.

அதனால் என் முதல் ஐட்டம் குச்சிக்கிழங்கு அடை. இதற்கு உளுந்தும் வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். இரண்டு பங்கு இட்லி அரிசியை வரமிளகாய் சேர்த்து மூன்று மணி நேரம் ஊறவைத்து, கொஞ்சம் சோம்பு போட்டுக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். ஒரு பங்கு கிழங்கைத் தோலும் நடு நரம்பும் நீக்கித் துருவி, நிறையத் தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்து மாவில் கலக்க வேண்டும். சின்ன வெங்காயம், கருவேப்பிலை, தேங்காய்ப் பல். இரும்புத் தோசைக்கல்லில் மெல்லியதாகத் தட்டி, கடலெண்ணெய் ஊற்றி இரண்டு பக்கமும் நிதானமாக வேகவிடுங்கள். தடியாகத் தட்டினால் நடுவே மாவு வாடை நிற்கும்.

அலசிப் பிழி என்று சொன்னது சும்மா இல்லை. குச்சிக்கிழங்கில் சயனைடு தரக்கூடிய பொருள் இயற்கையாகவே இருக்கிறது, தோலில் இன்னும் அதிகம். மில்லுக்குப் போகிற ரகங்களில் சில கசக்கும். விற்கிறவரிடம் “இது சாப்பிடுற கிழங்கா, மில்லுக் கிழங்கா?” என்று கேட்டே வாங்குங்கள். பச்சையாகக் கடித்துப் பார்க்க வேண்டாம். வேகவைப்பதானால் துண்டு போட்டு, மூடாமல், நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வெந்த பிறகு கசந்தால் அத்தனையையும் குப்பையில் போடுங்கள், காசு போனால் போகட்டும்.

தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சட்னி. மானாவாரிக் கடலை ஆவணி, புரட்டாசியில் மண்ணோடு பிடுங்கி வரும்போது காலையில் அவித்தே ஒரு படி காலியாகிவிடும். சட்னிக்கு மிஞ்சுவது பெரும்பாடு. மற்ற மாசங்களில் காய்ந்த பருப்பு. வறுத்துத் தோல் நீக்கி, வரமிளகாய், பூண்டு, ஒரு துண்டு புளி. பொட்டுக்கடலை சேர்க்கச் சொல்லாதீர்கள், கடலை வாசத்தை அது அமுக்கிவிடும். இரண்டாவது சட்னிக்கு நாட்டுத் தக்காளி. உருண்டையாக, கோடு கோடாக, தோல் மெல்லியதாக இருக்கும். இரண்டு நாள் தாங்காது, அதனால்தான் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. புளிப்பு அதிலேயே இருப்பதால் புளி வேண்டியதில்லை. கெட்டித்தோல் பெங்களூர்த் தக்காளியில் இதே சட்னி செய்து பாருங்கள், சிவப்பாக இருக்கும், ருசி எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

போன தை மாசம் ஒரு ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குக் கிழங்கு வாங்கத்தான் போனோம். முதல் சுற்றிலேயே ஒரு பாட்டி கோணிப்பையை விரித்துப் பச்சைத் துவரங்காய் குவித்திருந்தார். பக்கத்தில் பச்சை மொச்சை. இரண்டும் தை, மாசியோடு போய்விடும். கிழங்கு அடுத்த வாரமும் கிடைக்கும். அங்கேயே நின்று திட்டத்தை மாற்றினோம். துவரங்காயை உப்புப் போட்டு அப்படியே அவித்து ஒரு தாம்பாளத்தில் கொட்டினோம். பிள்ளைகள் உரித்து உரித்துத் தின்றதில் டிபன் வருவதற்குள் பாதி வயிறு நிறைந்துவிட்டது. மொச்சையைப் பிதுக்கி, நாட்டுத் தக்காளியும் சின்ன வெங்காயமும் போட்டு, தேங்காய் அரைத்து ஒரு குழம்பு. அதற்குச் சாமை உப்புமா. வாங்கியதிலிருந்து பரிமாறியது வரை இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கல்யாணப் பந்தியில் இருபத்தேழு ஐட்டம் வைத்தபோதுகூட இலையில் மீதி இருக்கும். அன்றைக்குச் சட்டியை வழித்துக் கொடுத்தேன்.

சாமையைப் பற்றி ஒரு வார்த்தை. சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள் காலம் காலமாகச் சாமை, தினை, ராகி போட்டுவருகிறார்கள். (கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையை ஆளுகிறவர்கள் என்று பேருக்கு விளக்கம் சொல்வார்கள்.) சாமையில் கல் இருக்கும், அரித்துத்தான் எடுக்க வேண்டும். வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும். ரவை உப்புமா மாதிரி ஆறினால் கட்டியாகாது. அதனால் பத்துப் பேர் பத்து நேரத்துக்கு வந்தாலும் கவலை இல்லை.

ஏற்காட்டில் செய்தால் இன்னும் அழகாக இருக்குமே என்று பலருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. மார்கழியில் ஒரு தடவை சனிக்கிழமை சாயங்காலம் சேலத்தில் இட்லி மாவு அரைத்து, தூக்கில் ஊற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினோம். காலையில் திறந்து பார்த்தால் மாவு ஒரு விரல்கூடப் பொங்கவில்லை, ஊற்றியபடியே படுத்திருக்கிறது. அடிவாரத்தில் எட்டு மணி நேரத்தில் புளிக்கிற மாவு அந்தக் குளிரில் பதினாலு மணி நேரம் கேட்கும் என்று எனக்குத் தெரியும்; தெரிந்தும் மறந்தேன். பன்னிரண்டு பேர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆப்ப சோடாவைப் போட மனசு வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் ராகி மாவு வாங்கி, தோட்டத்துச் சௌசௌவைத் துருவிப்போட்டு, பச்சைமிளகாய் கிள்ளி, ராகி அடை தட்டினோம். அதுதான் நல்லா இருந்தது என்று இன்றுவரை சொல்கிறார்கள். என் இட்லியைப் பற்றி யாரும் விசாரிக்கவே இல்லை என்பதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. இன்னொரு விஷயம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு, பயறு எல்லாம் திறந்த பாத்திரத்தில் வேக நேரமாகும். குக்கர் எடுத்துப் போங்கள்.

காபியை மட்டும் ஏற்காட்டிலிருந்தே எடுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபி நடவைத்தார். இன்றைக்கும் சில்வர் ஓக் நிழலில் அரபிகா, அந்த மரத்திலேயே ஏறிய மிளகுக் கொடி என்று ஒரே தோட்டத்தில் இரண்டு விளைச்சல். கோடை மழை விழுந்தால் பூக்கும், கார்த்திகை வாக்கில் பழம் பறிப்பு சூடு பிடிக்கும், தையில் களமெல்லாம் காபி காயும். இவ்வளவு பக்கத்தில் விளைந்தும் ஓட்டல் காபியில் நாம் குடிப்பதில் நல்ல பங்கு சிக்கரி. நூற்றுக்கு 49 வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. சிக்கரி குஜராத் பக்கத்திலிருந்து வரும் வேர். கெட்டியான டிகாக்‌ஷனுக்குப் பழகிய நாக்குக்குச் சிக்கரி இல்லாத காபி முதல் நாள் தண்ணீராகத் தெரியும். பொடியை ஒன்றரை மடங்கு போட்டு, சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இறக்குங்கள், மூன்றாம் நாள் பழகிவிடும். சர்க்கரைக்குப் பதில் ஓமலூர்ப் பக்கத்து உருண்டை வெல்லம் போடலாம். ஆனால் கொதிக்கிற பாலில் போடாதீர்கள், திரிந்துவிடும். டம்ளரில் கடைசியாகப் போட்டு ஆற்றுங்கள்.

அந்தப் பையன் சாப்பிட்டதில் முட்டை இருந்ததே, நம் தட்டில் முட்டை உண்டா என்று கேட்கலாம். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, 1997 பிறக்கும்வரை அது சேலம் மாவட்டம்தான். ஆனால் பண்ணைக் கோழி தின்கிற மக்காச்சோளமும் சோயாவும் எங்கிருந்தெல்லாமோ லாரியில் வருகின்றன. அப்படிப் பார்த்தால் முட்டை உள்ளூர், தீனி வெளியூர். நான் அவ்வளவு தூரம் துருவுவதில்லை. சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, ஏற்காட்டு மிளகைத் தட்டிப்போட்டு ஊற்றிவிடுவேன்.

இதைக் கடையாகவே போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சந்தைக்குள் வேண்டாம், வாசலுக்கு வெளியே மாநகராட்சி அனுமதியும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் வாங்கித்தான் வண்டி நிறுத்த வேண்டும். தொழிலாக யோசித்தால் எனக்கு ஒரு பயம்தான். வருகிறவர்கள் “என்ன இருக்கு?” என்று கேட்க மாட்டார்கள், “ரெண்டு இட்லி” என்பார்கள். கோடையில் நிற்கிற கம்மங்கூழ் வண்டியைப் பாருங்கள். முந்தின நாள் காய்ச்சிப் புளித்த கூழ், மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். கிட்டத்தட்ட எல்லாமே சுற்றுவட்டாரத்தில் விளைந்தது, உள்ளூர் என்று பலகைகூடக் கிடையாது, பத்தரை மணிக்குள் பானை காலி. நான் வண்டி போட்டால் அந்தக் கூழ்க்காரருக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவேன், ஒரு நாளைக்கு ஒரே ஒரு அடை, இரண்டு சட்னியோடு.